ஏர் தொடாத விளைச்சல்: இலங்கையின் சுதேசத் தேனீக்களும் உற்பத்தி வரலாறும்

தமிழிலக்கிய மாணவர் எவருக்கும் தேன் புதிய பொருளன்று. சங்கச் செய்யுள் தொடங்கிப் பக்திப் பாடல்கள் ஈறாகச் சொல்லின் இனிமைக்கும், காதலியின் பேச்சுக்கும், இறையருளுக்கும் அது உவமையாக நின்றுள்ளது. தேனைத் தேடித் திரியும் உயிர்களுக்கோ தும்பி, சுரும்பு, வண்டு, ஞிமிறு, பிரசம் என எத்தனையோ பெயர்கள். மலர்தோறும் செல்லும் வண்டு பரத்தையை நாடும் தலைவனுக்கு உருவகமாயிற்று. கூந்தலில் மொய்க்கும் வண்டு தலைவியின் அழகுக்குச் சான்றாயிற்று. இத்தனை பெயர்களும் உவமைகளும் இருந்தும், நாம் அறிந்தவரை, நமது இலக்கிய வரலாற்றாய்வுகளில் ஒரு வினா முறையாக எழுப்பப்படவில்லை. இவ்வுயிர் தான் வாழ்ந்த நிலத்துக்கு யாது செய்தது? அந்நிலத்தை நம்பி வாழ்ந்த மக்களின் உற்பத்தியில் அதற்கிருந்த இடம் யாது?

இவ்வினாவை விலங்கியலாருக்கு உரியதென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் திணைக் கோட்பாட்டின் பொருளாதார அடித்தளத்தை ஆராய்வதாகக் கூறிக்கொள்ளும் நாம், அவ்வடித்தளத்தின் ஒரு பகுதியை எப்போதுமே காணாது விட்டிருப்போமாயின், அது நமது துறையின் குறையேயாகும். அக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதை இலங்கையின் சுதேசத் தேனீக்களின் வரலாற்றை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தேனீ என்றதும் பெட்டியில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீயே இன்று பலர் நினைவுக்கு வருகிறது. உலகில் அறியப்பட்ட தேனீ இனங்களோ 20,000க்கு மேற்பட்டவை. இலங்கையில் மட்டும் ஏறத்தாழ 150 இனங்கள் பதிவாகியுள்ளன. இவற்றுள் நாம் உண்ணும் தேனைச் சேர்த்து வைப்பவை ஒரு சிலவே. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக வதை கட்டும் பொந்துத்தேனீ, உயர்ந்த மரக்கிளையிலும் குன்றின் விளிம்பிலும் ஒற்றைப் பெருவதை தொங்கவிடும் பெருந்தேனீ, புதரின் கொம்பில் உள்ளங்கையளவு வதை கட்டும் கொம்புத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ ஆகியன அவை. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. மண்ணைத் தோண்டியும், காய்ந்த தண்டுகளின் உட்குழியிலும், மரத்தைத் துளைத்தும் தமக்கென ஒரு சிறு அறை அமைத்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு மறைந்துவிடுபவை. அவை மனிதனுக்குத் தேன் தருவதில்லை. ஆகவே அவற்றுக்கு நமது நிகண்டுகளிலும் தனித்தனிப் பெயரில்லை.

இத்தேனீக்கள் அறிவியல் வரலாற்றிலும் ஓரிடத்தைப் பெற்றவை. தேனீயின் நடனமொழியைக் கண்டுணர்ந்த கார்ல் வொன் பிரிஷின் மாணவரான மார்ட்டின் லிண்டவர் 1950களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து, இங்குள்ள மூவகைத் தேனீக்களின் நடனத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தார். இருண்ட பொந்தினுள் செங்குத்தான வதையில் ஆடப்படும் நடனத்துக்கும், திறந்த வெளியில் கொம்புத்தேனீ தன் வதையின் மேற்றட்டில் ஆடும் நடனத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே இந்நடனமொழியின் படிமலர்ச்சி பற்றிய கருத்துகள் உருவாயின. இலங்கையின் பெருந்தேனீக்கள் பூக்காலத்துக்கேற்ப இடம்பெயர்வதை 1980இல் கொனிகர் தம்பதியர் எழுதினர். வேலை தேடிப் பருவந்தோறும் இடம்பெயரும் கூட்டம் மனிதருள் மட்டும் இல்லை.

இனிச் சங்கச் சான்றுகளுக்கு வருவோம். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்ட சூழலில் கபிலர் பாடியதாக அமைந்த புறநானூற்று 109ஆம் பாடல், உழவரின் உழைப்பின்றியே அம்மலை தரும் நான்கு விளைபொருள்களைக் கூறுகிறது. மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மலைபடுகடாம், குரங்கும் ஏறமாட்டாத செங்குத்தான வரையில் மால்பு எனப்படும் கண்ணேணியைச் சார்த்தி ஏறித் தேன் கொண்டோரைக் காட்டுகிறது. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொடுத்து மீனெய்யும் நறவும் பெறும் பண்டமாற்றினைக் காண்கிறோம். இம்மூன்றையும் சேர்த்துப் படிக்குமிடத்து, தேன் குறிஞ்சி மக்களின் வெறும் உணவாக மட்டும் அமையாது, பிற திணை மக்களோடு அவர்களைப் பொருளியல் உறவில் இணைத்த பண்டமாகவும் இருந்தமை புலனாகும்.

திணைகளின் சமனற்ற வளர்ச்சி பற்றிப் பேராசிரியர் சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இப்பாடல்களை வெறும் இயற்கை வருணனையாகப் படிப்பது இயலாததாயிற்று. அது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் அவ்வழி வந்த நாம், நமது வகுப்பறைகளில், ஒரு சூத்திரத்தை வசதியாகக் கைக்கொண்டோம். குறிஞ்சி என்றால் உணவு சேகரிப்புக் கட்டம். மருதம் என்றால் உற்பத்திக் கட்டம். 109ஆம் பாடலுக்குப் பக்கத்தில் 'உற்பத்திக்கு முந்திய நிலை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பாடலுக்குச் சென்றோம். உழாத விளைச்சல் என்பது உழைப்பற்ற விளைச்சல் என்றும், உழைப்பற்றது வரலாறற்றது என்றும் நம்மை அறியாமலே கருதினோம்.

இப்பிழைக்கு மார்க்சைக் குறைகூறுதல் பொருந்தாது. மூலதனத்தின் முதற்றொகுதியில், தேனீயின் அறைகள் கட்டடக் கலைஞர் பலரையும் நாணச் செய்யும் என ஒப்புக்கொண்டு, மிக மோசமான கலைஞனும் கட்டுமுன் தன் மனத்தில் கட்டிப் பார்க்கிறான் என்பதே வேறுபாடு என அவர் வரையறுத்தார். இவ்விடம் நம்மவரால் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆனால் 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, உழைப்பே செல்வமனைத்துக்கும் மூலம் என்ற வாசகத்தை அவர் மறுத்தார் என்பதை நாம் அவ்வளவாக நினைவிற்கொள்வதில்லை. பயன்மதிப்புகளுக்கு இயற்கையும் உழைப்பைப் போன்றே மூலமாகும் என்பது அவர் வாதம். இயற்கை தரும் அடிப்படையை மறைப்பவர்கள், அவ்வியற்கைமீது தனியுடைமை கொண்டோரின் நலனையே காக்கிறார்கள் என்ற கருத்தும் அதே பகுதியில் உண்டு. தேனீ கட்டிய அறையை நாம் விவாதித்தோம். அது காய்க்கவைத்த காயை மறந்தோம்.

இம்மறதிக்கு அறிவியல் வரலாற்றிலும் காரணம் உண்டு. பூவின் மகரந்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூச்சிகளால் கொண்டுசெல்லப்படுவதை ஐரோப்பாவில் கொல்ரொய்ட்டர் 1761இலும் ஸ்பிரெங்கெல் 1793இலும் விளக்கினர். ஸ்பிரெங்கெலின் நூல் அவர் காலத்தில் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டது. டார்வினின் எழுத்துகளே அதற்கு மறுவாழ்வளித்தன. ஆகவே சங்கப் புலவர் மகரந்தச்சேர்க்கையை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் வரலாற்றுணர்வுக்கு ஒவ்வாது. பழம்பெருமை பேசுவோர் இதையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்பதால் இவ்விடத்து எச்சரிக்கை தேவைப்படுகிறது. அப்புலவர் அறிந்திருந்தது வேறொன்று. தேனீ உண்பது பூந்தேனை மட்டுமன்று, பூந்தாதினையும் என அவர்கள் கண்டிருந்தனர். அகநானூற்று 4ஆம் பாடலில், கார்காலத்து முல்லைக் காட்டின் வழியே திரும்பும் தலைவன், தாதுண்ணும் வண்டினம் கலங்கிப் பிரியுமென அஞ்சித் தேரின் மணிகளின் நாவைக் கட்டி வருகிறான். காதற் குறிப்புடைய கற்பனைதான். எனினும், அந்த உயிர்களின் இருப்பைத் தன் விரைவினும் பெரிதாக மதித்த ஒரு சமூக உணர்வு அங்குண்டு. குறுந்தொகை 2ஆம் பாடலைப் பற்றிய தருமி கதையோ கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்ற வாதத்தில் முடிந்தது. அப்பாடலில் விளிக்கப்பட்ட தும்பியைப் பற்றிக் கதை கட்டியோர் கவலைப்படவில்லை.

சங்ககாலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட இலங்கைக்கு இப்போது வருவோம். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக வாழ்ந்த றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டின் மூவகைத் தேனீக்களைச் சிங்களப் பெயர்களோடு விவரித்தார். பொந்தில் வாழ்வது, மரக்கிளையில் வெளிப்படையாகத் தொங்குவது, மிகச் சிறியது என அவர் வகுத்தமை இன்றைய வகைப்பாட்டோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. இவ்வறிவு நொக்ஸினுடையதன்று, அவருக்குச் சொல்லிக்கொடுத்த கிராமத்தாருடையது. பருவகாலத்தில் ஊர் முழுவதும் காட்டுக்குச் சென்று தேனோடு திரும்புவதை அவர் குறிப்பிடுகிறார். வேடர் குடைந்த மரத்தினுள் தேனூற்றி, இறைச்சியை அதிலிட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்ததையும் எழுதுகிறார். உப்பு எளிதிற் கிட்டாத உள்நாட்டில் தேன் ஒரு சேமிப்புத் தொழில்நுட்பமாக இருந்தமை மனங்கொளத்தக்கது.

இருநூற்று முப்பது ஆண்டுகளின் பின், 1911இல், செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய நூல் மேலும் ஆழமான செய்திகளைத் தருகிறது. கொடிகளாலான ஏணியிற் பாறை விளிம்பிலிருந்து இறங்கி, புகையிட்டு, பாடல் பாடி, மான்தோற் பாத்திரத்திற் பெருந்தேனீயின் வதையைச் சேர்த்த முறையை அவர்கள் பதிவுசெய்தனர். மலைபடுகடாத்தின் மால்பினை நினைவுகூராமல் இப்பகுதியைப் படிக்க முடியாது. இரண்டுக்குமிடையே நேர்த்தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. ஒரே வகைத் தேனீ, ஒரே வகைப் பாறை, ஒத்த கருவிகளைத் தோற்றுவித்தன எனக் கொள்வதே பொருத்தம். நமக்கு இங்கு முக்கியமானது உடைமை பற்றிய செய்தி. வேட்டை நிலமும் தேன்பாறையும் இன்னின்னாருக்கு உரியவை எனக் குழுவினரால் ஏற்கப்பட்டிருந்தன. அவை மணவுறவின் வழியாகவும் கைமாறின. 'காட்டுத்தேன் எவருக்கும் உரியதன்று' என்ற எண்ணம் காட்டுக்கு வெளியே இருந்தோரின் எண்ணமாகும். காட்டுக்குள் அதற்கு உரிமையும் மரபும் கட்டுப்பாடும் இருந்தன. உற்பத்தி உறவுகள் இருந்தன என்று சுருங்கச் சொல்லலாம்.

அவ்வாறாயின் ஆட்சியாளரின் கணக்குகளிலும் வரலாற்றாசிரியரின் ஏடுகளிலும் தேனீ ஏன் இடம்பெறவில்லை? காரணங்களுள் தலையாயது நெல். நெல்லின் பூ தன்னுள்ளேயே கருவுறுகிறது. தேனீயின் வருகை அதற்கு வேண்டுவதில்லை. குளத்தையும் வாய்க்காலையும் நெல்வயலையும் மையமாகக் கொண்டு எழுந்த அரசுகள், நெல்லையே அளந்து, நெல்லிலேயே வரி பெற்றன. அவ்வரசுகளின் கண்ணோட்டத்தில் நீர் உற்பத்திச் சக்தி, எருது உற்பத்திச் சக்தி, தேனீ அன்று. தேனீயை நம்பியிருந்தவை சேனையிலும் வீட்டுத் தோட்டத்திலும் விளைந்த பூசணி, பாகல், வெள்ளரி, எள் முதலியன. பெரும்பாலும் பெண்களால் நட்டுப் பறிக்கப்பட்டு, அடுப்படிக்கு நேரே சென்றவை. வண்டில் ஏற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுசெல்லப்படாத விளைச்சலுக்குக் கல்வெட்டில் என்ன இடம் இருக்கும்?

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் வாடிவிடும் அப்பூக்களிடையே மகரந்தத்தைக் கொண்டுசெல்ல ஒரு தேனீ வந்தாக வேண்டும். கத்தரியின் நிலை இன்னும் விசித்திரமானது. அதன் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் நுண்ணிய துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், நீலக்கோடுடைய தனித்தேனீயும் பூவைக் கால்களால் இறுகப் பற்றி, சிறகை அசைக்காமலே பறப்புத் தசைகளை அதிரச்செய்கின்றன. அவ்வதிர்வில் மகரந்தம் தூளாகக் கொட்டுகிறது. பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. காற்றசைவாலும் கத்தரி ஓரளவு காய்க்கும் என்பது உண்மையே. எனினும் இத்தேனீக்கள் வரும் தோட்டத்தில் காய் கூடுதலாகப் பிடிக்கும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கிணற்றடியில் கேட்கும் அந்த உறுமலைப் பூச்சியின் தொல்லையெனக் கருதி மருந்தடிப்பாராயின், தம் கூலியாளைத் தாமே விரட்டுகிறார். கூலி கேளாத ஆள் என்பதால் அவன் போனது உடனே தெரியவருவதில்லை. கிளுவையும் பூவரசும் முருங்கையும் நின்ற வேலிகள் சீமெந்து மதில்களாக மாறியபோது, அவ்வேலியின் பட்ட தடிகளிலும் அடிமண்ணிலும் குடியிருந்த உயிர்கள் எங்கே சென்றன என எவரும் கேட்கவில்லை.

குடியேற்றவாத ஆட்சியோடு நிலைமை அடியோடு மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடுகளையும் தரிசுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் மாறுபட நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை எனக் கொண்டது. 'பயிரிடப்படாத' என்ற சொல்லே இச்சட்டத்தின் கூர்முனை. ஏர் தொடாத நிலம் உடையவரற்ற நிலம் என்ற கருத்து, நாம் மேலே சுட்டிய நமது ஆய்வுப் பிழையின் சட்ட வடிவமாகும். சேனை செய்தோரும் தேனெடுத்தோரும் காட்டுக்குரியோராக இருந்த நிலை போய், காட்டில் அத்துமீறியோராயினர். அக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்ட வரலாறு நம் வாசகர் நன்கறிந்தது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். இலங்கையில் அன்று பயிரான அராபிக்கா வகைக் கோப்பி தன்மகரந்தத்தாலும் காய்க்கும். ஆயினும் தேனீக்கள் வரின் விளைச்சல் பெருகும். கொஸ்ரா றிக்காவில் ஒரு கோப்பித் தோட்டத்தை ஆராய்ந்த ரெயிலர் றிக்கற்ஸ் குழுவினர், காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் நின்ற செடிகளில் விளைச்சல் 20 வீதம் கூடியிருந்ததை 2004இல் வெளியிட்டனர். காட்டுத் தேனீக்களே காரணம். தென்னிந்தியாவின் குடகில் றொபஸ்ரா வகைக் கோப்பிக்கு, அதிலும் தன்மகரந்தம் செல்லாத அவ்வகைக்கு, பெருந்தேனீ முக்கியமான துணையென்பது 2012இல் வெளியான ஆய்வாற் புலப்பட்டது. ஆகவே இலங்கைத் தோட்டத்துரைமார் மலைக்காட்டை எரித்தபோது, தமது கோப்பியின் கூலியற்ற உழைப்பாளரையும் சேர்த்து எரித்தனர். கோப்பியை வீழ்த்தியது தேனீயின் குறைவன்று. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயே அதற்குக் காரணம். ஆனால் பல்வகைக் காட்டை ஒரே பயிராக்கிய அதே செயலே தேனீயை விரட்டவும் துரு பரவவும் வழிசெய்தது.

பின்னர் வந்தது தேயிலை. தேயிலையின் விளைபொருள் இலை. சில நாட்களுக்கொருமுறை கொழுந்து கிள்ளப்பட்டு, காலந்தோறும் கவ்வாத்து வெட்டப்படும் செடி பூப்பதற்கு இடமே கொடுக்கப்படுவதில்லை. மூலதனம் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியபோது, மலைநாட்டு நிலத்துக்குத் தேனீயே தேவையற்றதாயிற்று. மலைச்சரிவுகளின் பசுமையை வியக்கும் பயணி, மலரே இல்லாத பசுமையைக் காண்கிறான்.

இவ்வரலாறு கொஸ்ரா றிக்காவிலும் மீண்டும் நிகழ்ந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. அங்குக் காட்டுத் தேனீக்களின் பங்களிப்பு அந்த ஒரு தோட்டத்துக்கே ஆண்டுக்குச் சுமார் 60,000 டொலர் பெறுமதியானதென மதிப்பிடப்பட்டது. சூழலியலார் மகிழ்ந்தனர். ஆனால் கோப்பியின் விலைவீழ்ச்சியை அடுத்து அத்தோட்டத்தார் கோப்பியை அழித்து அன்னாசியை நட்டனர். அன்னாசிக்கு மகரந்தச்சேர்க்கை வேண்டுவதில்லை. டக்ளஸ் மக்கோலி 2006இல் சுட்டிக்காட்டியதுபோல, அத்தேனீக்களின் டொலர்ப் பெறுமதி அன்றே பூச்சியமாயிற்று. தேனீக்கள் அதே தேனீக்கள். காடு அதே காடு. மாறியது பண்டம். உலகளாவிய மகரந்தச்சேர்க்கையின் ஆண்டுப் பெறுமதி 235 முதல் 577 பில்லியன் டொலர் வரை என 2016இல் பல்லுயிர்மை பற்றிய அரசுகளுக்கிடையிலான அறிக்கை கூறியபோது அது பலரின் கண்களைத் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பரிமாற்றமதிப்பின் மொழியில் தேனீயைக் காக்க முனைவோர், அம்மொழியிலேயே அதைக் கைவிடவும் நேரும்.

தேனீ இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு வனிலாவின் கதை சான்று. மெக்சிக்கோவுக்குரிய அக்கொடியை இந்து சமுத்திரத்து றியூனியன் தீவில் பிரெஞ்சுக்காரர் நட்டனர். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் பூவை அறிந்த பூச்சி அத்தீவில் இருக்கவில்லை. 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவைக் கருவூட்டும் வழியைக் கண்டான். அம்முறையே இன்றுவரை உலகெங்கும் கையாளப்படுகிறது. தோட்டமுதலாளிகள் செல்வம் குவித்தனர். அவன் வறுமையில் இறந்தான். பிடுங்கப்பட்ட இடத்தில் தேனீயின் வேலையை ஓர் அடிமையின் விரல் செய்தது. இயற்கையின் இலவச உழைப்பு அற்றுப்போகும்போது அதன் சுமை எவர் தோளில் ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மலையகத்திலிருந்து வரும் செய்திகளில் 'குளவிக் கொட்டு' என்ற தொடர் ஓயாது இடம்பெறுகிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கொட்டுப்பட்டு வைத்தியசாலையிற் சேர்க்கப்படுவதும், சிலர் உயிரிழப்பதும் நாம் அறிந்தவை. செய்தியிற் குளவி எனப்படுவது பல சமயங்களில் மெய்யான குளவி. வேறு பல சமயங்களில் பெருந்தேனீ. காடழிந்த மலையில் எஞ்சி நிற்கும் உயர்ந்த மரங்களும் பாறைகளும் அதற்குக் கூடு கட்டும் இடங்கள். அவற்றினடியிலேயே தொழிலாளர் நிரை பிடித்து நிற்கிறார்கள். கூட்டைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டும் பயனில்லை எனத் தொழிலாளர் கூறுவதுண்டு. இவ்விடத்து நாம் தேனீயின் பெருமை பேசிக்கொண்டிருத்தல் அறமாகாது. கொட்டுப்பட்டவளுக்கு அது எதிரியே. எனினும், இருதரப்பாரையும் ஒரே மரத்தடியில் நெருக்கியது எது என்ற வினாவைத் தொழிற்சங்கங்கள் எழுப்பவேண்டும். கூடு கண்ட மலையில் அன்று வேலை நிறுத்தவும் அந்நாட்கூலியைப் பெறவும் உரிமை வேண்டுமென்பது தேனீக்கு எதிரான கோரிக்கையன்று. கூட்டை எரிப்பதே தீர்வென நிர்வாகங்கள் கருதுவதற்கு அதுவே மாற்றாகும்.

தேனீ வளர்ப்பைச் சீர்திருத்தமாகக் கொண்டுவந்தோரையும் சிறிது நோக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1911–1917 காலப்பகுதியில் சுதேசப் பொந்துத்தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தாரைப் பயிற்றினார். 1920களில் ஸ்பென்சர் ஹட்ச் மார்த்தாண்டத்தில் அதனை ஏழைக் குடும்பங்களின் துணைத்தொழிலாக்கினார். சுதேசத் தேனீயின் அளவுக்குப் பெட்டியை அமைத்தமை இம்முயற்சியின் சிறப்பு. அது நன்கு வேரூன்றிற்று. ஆனால் 1991–92இல் பரவிய தாய்லாந்து வகைப் புழுநோய் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பொந்துத்தேனீக் குடிகளில் மிகப்பெரும் பகுதியை அழித்தது. அதன்பின் ஐரோப்பியத் தேனீயை நோக்கிப் பலர் திரும்பினர். ஐரோப்பியத் தேனீயின் வரலாறும் துயரமற்றதன்று. பொந்துத்தேனீயோடு நெடுங்காலம் ஒத்துவாழ்ந்த வரோவா என்னும் உண்ணி, இரண்டையும் மனிதர் அருகருகே கொண்டுவந்த 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தேனீக்குத் தாவி, உலகின் பெரும்பகுதியில் அதனை வாட்டுகிறது. ஓரினத்தை மட்டும் பெருக்கி மற்றவற்றுக்கு ஈடாக்கலாம் என்ற நம்பிக்கை வேறு வகையிலும் தகர்ந்துள்ளது. 41 பயிர்த்தொகுதிகளை உலகெங்கும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், பெட்டித் தேனீக்கள் எவ்வளவு இருப்பினும், காட்டுப் பூச்சிகளின் வருகையே காய்பிடிப்பை இருமடங்கு வலுவாக உயர்த்தியமை கண்டறியப்பட்டது.

சுதந்திரத்தின் பின்னரும் நிலம் பற்றிய பழைய கண்ணோட்டம் மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் பின்வந்த மகாவலித் திட்டமும் நெல்லின் பெயரால் வேடரின் தேன்காடுகளை நீரிலும் வயலிலும் அமிழ்த்தின. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது எஞ்சிய காட்டிலும் அவர்கள் அத்துமீறுவோராயினர். முதலில் உற்பத்தியின் பெயரால், பின்னர் இயற்கையின் பெயரால், இருமுறையும் வெளியேற்றப்பட்டோர் அவர்களே. 2021இல் இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே ஆணையால் தடைசெய்து அதே ஆண்டின் இறுதிக்குள் பின்வாங்கிய அனுபவமும், விவசாயியைக் கேளாது இயற்கையைக் காக்க முடியாது என்பதையே காட்டிற்று. பூசணி பூக்கும் முற்பகலில் மருந்தடிக்காதே என்று சொல்ல ஓர் ஆணை வேண்டாம். அதனை அறிந்த ஒரு விவசாயப் போதனாசிரியர் போதும்.

இலக்கிய வரலாற்று மாணவராகிய நமக்கு உடனடியாக முன்னுள்ள பணி சிறிதெனினும் அவசரமானது. கிழக்கிலங்கையில் மூதூர் தொடங்கி வாகரை, பனிச்சங்கேணி வரையுள்ள கரையோர வேடர் தமிழ் பேசுவோர். வேட்டையும் தேனெடுப்பும் மீன்பிடியும் கலந்தது அவர்களது மரபுவாழ்வு. தேனெய்யும் மீனெய்யும் மாறிய பொருநராற்றுப்படைக் காட்சியை ஒரே குடும்பத்துள் காணத்தக்க வாழ்வு. வதையின் பகுதிகளுக்கும், தேனீயின் வகைகளுக்கும், எந்த மரம் பூத்தால் எந்தத் தேன் என்பதற்கும் அவர்களிடையேயும், வன்னியில் தேனெடுப்போரிடையேயும் வழங்கும் சொற்கள் தொகுக்கப்படல் வேண்டும். விலங்கியல் மாணவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நன்று. பேரகராதியில் 'ஒருவகை வண்டு' என்று முடித்துவிடப்பட்ட பதிவுகளுக்கு நேரே எழுதிக்கொள்ள, ஒரு குறிப்பேட்டின் பக்கங்களை ஏற்கெனவே கோடிட்டு வைத்திருக்கிறோம்.